எந்தக் கண்

பெரட்டுக் களத்தில் சண்முகவடிவு கையைத் தூக்கியதுமே ஜீவராஜுக்கு நாக்கு துறுதுறுத்தது. காலை ஆறரை மணி, வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரம். தேயிலைக் கொழுந்துக்குப் போகும் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, எந்த மலைக்குப் போவது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்வதற்காக நின்றிருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில், நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த சின்னத்துரை தமிழ் புரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதாம் நம்பர் மலையில, மூணாவது சவுக்கு மரத்துல குளவிக் கூடு இருக்கு. அத எடுக்காம யாரும் போவ வேணாம்" என்றாள் சண்முகவடிவு. அவள் பேச்சே அப்படித்தான். ஒரு சொல்லை வைத்துவிட்டு, அது நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததை எடுப்பாள்.

சங்கத்தின் தோட்டத் தலைவராக வந்த ஆறு வருடத்தில் ஜீவராஜ் யார் மீதும் கையை ஓங்கியதில்லை. சிரிக்க வைத்தே ஆளைக் கவிழ்த்துவிடுவான். மழைக்கோட்டு தர மறுத்த பெரியதுரை குடைக்குள் பதுங்கி நடப்பதை அப்படியே நடந்து காட்டி, மறுவாரமே கோட்டுகளை வரவழைத்தவன். அவன் அடித்த கிண்டல் கொட்டகலையில் பைஸர் நானாவின் கடைவரை போய், டீ குடிப்பவர்களுக்குப் புரையேற்றும். ஆனால் இன்று அவனுக்கு வேறு கணக்கு. ஒன்பதாம் நம்பரில் இந்த வாரமே கொழுந்து எடுத்து முடித்தால் மேல் லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகரம் வரும் என்று பெரியதுரை சொல்லியிருந்தார், இவனும் தலையாட்டிவிட்டு வந்திருந்தான். மழை வந்தால் இவன் வீட்டிலேயே மூன்று சட்டி வைக்க வேண்டும். குளவி விளையாட்டில்லை என்பதும் தெரியும். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் கொட்டு வாங்கிய ஒருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவேயில்லை. ஆனால் கங்காணி முந்தாநாள்தான் சுற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றிருந்தார்.

"அதுக்கென்னக்கா, குளவிக்கும் சந்தா வெட்டி சங்கத்துல சேத்துருவோம். அப்புறம் என்னயக் கேக்காம யாரையும் கொட்டாது" என்றான்.

களமே குலுங்கியது. அவன் மனைவி பிரேமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சண்முகவடிவும் சிரித்தாள், கண்ணில் நீர் வருமளவுக்கு. சிரிப்பு அடங்கியதும், "நல்லாத்தான் சொல்றீங்க தலைவரே. மூணாவது சவுக்கு மரத்துல கூடு இருக்கு. யாரும் போவ வேணாம்" என்றாள்.

அப்போதுதான் பின்னால் இன்னொரு சிரிப்பு கேட்டது. கண்டாக்கையா சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, சின்னத்துரை தாமதமாகச் சிரித்தார். ஜீவராஜுக்கு அது என்னவோ போல் இருந்தது. இத்தனை நாள் அவன் கிண்டலுக்கு துரைமார் பக்கத்தில் முகம் சுளித்துத்தான் பழக்கம். அந்தக் கூச்சத்தை மறைக்கவோ என்னவோ, எடுக்கக் கூடாததை எடுத்தான். சண்முகவடிவுக்குப் பிறவியிலேயே மாறுகண்.

"அக்காவுக்கு ஒரு கண்ணு கொழுந்தப் பாக்கும், ஒரு கண்ணு வானத்தப் பாக்கும். எந்தக் கண்ணுக்கா கூட்டப் பாத்துச்சு?"

இரண்டொருவர் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பிரேமினி தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி அந்தத் தாமதச் சிரிப்பு, இம்முறை தனியாக. அது ஓயும்வரை சண்முகவடிவு பொறுத்திருந்தாள்.

"வானத்தப் பாக்குற கண்ணுதான் தலைவரே. நல்ல கண்ணத்தான் கொழுந்த விட்டு எடுக்க முடியுதில்லையே."

அவள் குரலில் கோபமில்லை, அழுகையில்லை. அவன் எறிந்த கல்லை எடுத்துத் துடைத்து, இந்தா அடுப்புக்கு ஆகும் என்று கொடுத்தது போலிருந்தது. ஜீவராஜுக்கு அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்படியும் ஒருத்தியால் நிற்க முடியுமா என்ற வியப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்யா. அதுவரைக்கும் யாரும் மலையேற மாட்டாங்க" என்று கண்டாக்கையாவிடம் சொன்னான். பிறகு தணிந்த குரலில், "வந்து காட்டுங்கக்கா" என்றான்.

அவள் முன்னே நடந்தாள். பெண்கள் சொல்லாமலே பின்னால் வந்தார்கள். மலையடியில் பனிமூட்டம் அடர்ந்திருந்தது. தினமும் அந்த இடத்தில்தான், முதல் செடியைத் தொட்டு எல்லோரும் ஒரே குரலில் "பொலியோ பொலி" என்று கூவிவிட்டு நிரைக்குள் இறங்குவார்கள். மூன்றாவது சவுக்கு மரம் பிரேமினியின் நிரைக்கு நேர் மேலே நின்றது. ஜீவராஜ் அண்ணாந்து பார்த்தான். வெறும் வெள்ளை. இவ்வளவுதானா என்று சொல்ல வாயெடுத்தபோது மூட்டம் மெல்ல விலகியது.

ஒரு பெரிய குடத்தளவு கருப்புத் திரள் கிளையில் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல்புறம் முழுவதும் குளவிகளின் அலை ஒன்று எழுந்து, ஓடி, அடங்கியது.

யாரும் பொலி பாடவில்லை. நாற்பது பெண்கள் கொழுந்தை மறந்து, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஜீவராஜ் பிரேமினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி நின்றான்.