இருளாண்டியின் மூத்த தாரம்

இருளாண்டி செத்தபோது அவனுக்கு இரண்டு பெண்சாதிகள். ஒருத்தி குஞ்சம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள். இன்னொருத்தி தவில்.

ஏதோ கேலிக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தவிலுக்கு அவன் ஊரறியத் தாலி கட்டியிருந்தான், அதுவும் குஞ்சம்மாவுக்குக் கட்டுவதற்கு முன்னால். அவன் ஜாதகத்தில் முதல் தாரம் தங்காது என்று இருந்தது. அப்படிப்பட்ட மாப்பிள்ளையை ஒரு வாழைக்கன்றுக்கு முதலில் தாலி கட்டச் சொல்லி, கட்டின கையோடு கன்றை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். முதல் தாரம் போய்ச் சேர்ந்தாயிற்று, தோஷம் கழிந்தது, இனி அசல் பெண்ணுக்குக் கட்டலாம். இருளாண்டிக்கும் அதே ஏற்பாடுதான். செர்காமிலிருந்து மாட்டுவண்டியில் தளதளவென்று ஒரு கன்று வந்து இறங்கியது. வண்டிக்காரன் மாட்டை அதன் பக்கத்திலேயே கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். முகூர்த்த நேரத்தில் போய்ப் பார்த்தால், மணப்பெண்ணைத் தின்று முடித்துவிட்டு மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

மலாக்காவில் வாழைக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். வாழைக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். தோட்டத்துக் கோயில் பூசாரி மாயாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது.

"கையில எது கெடைக்குதோ அதுக்குக் கட்டுலா! முகூர்த்தம் போவுது!" என்று கத்தினார்.

இருளாண்டிதான் தோட்டத்துத் தவில்காரன், மாப்பிள்ளைக் கோலத்திலும் தவிலை மடியோடு வைத்திருந்தான். வந்திருந்த மேளக்காரனை நம்பி அதைக் கீழே வைக்க அவனுக்கு மனமில்லை. ஆகவே கையில் கிடைத்தது அதுதான். கட்டினான். அடுத்தது வெட்டவேண்டும். கங்காணி நல்லமுத்து கத்தியை ஓங்கினார். இருளாண்டி தவிலைக் கட்டிக்கொண்டு, "மொதல்ல என் கழுத்த வெட்டுங்க, அப்புறம் இத வெட்டுங்க" என்று அழுதான். இப்படியாக, போய்ச் சேரவேண்டிய முதல் தாரம் போகாமல் நிலைத்துவிட்டது. "மூத்தவ இருக்கிற வரைக்கும் இளையவளுக்குக் கெடுதல் இல்ல" என்று மாயாண்டி ஒரு சமாதானம் சொன்னார்.

அன்றிலிருந்து குஞ்சம்மா இளையவள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவர்கள் வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. அது மூத்தவளுக்கு, ஈரம் பட்டால் தோல் தொய்ந்துவிடுமாம். மழைக்காலத்தில் கம்பளியும் மூத்தவளுக்கு. தீபாவளிக்கு வாங்கும் பூப்போட்ட துணியில் மூத்தவளுக்கு உறை தைத்தது போக மிச்சத்தில் இவளுக்கு ரவிக்கை. குழாயடியில் பெண்கள் வேண்டுமென்றே, "அக்கா சௌக்கியமா?" என்று கேட்பார்கள். "அவளுக்கென்ன, தெனமும் அடி வாங்கிக்கிட்டுக் குத்துக்கல்லாட்டம் இருக்கா" என்பாள் குஞ்சம்மா. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பொய் சொல்வானேன், வயிறு எரியத்தான் செய்தது. இருளாண்டி அவளிடம் பேசுவதே அபூர்வம். மாலையில் வாசலில் உட்கார்ந்து அந்தத் தோலின்மேல் விரல்களை ஓடவிடும்போது மட்டும் அவன் முகம் கனிந்துவிடும். குழந்தை குட்டி ஒன்றும் இல்லாத வீட்டில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் சோறு வடிப்பாள்.

குளிர்காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. கருமாதி நாளில் தாலி வாங்கும் சடங்குக்குப் பெண்கள் குஞ்சம்மாவை உட்கார வைத்தார்கள். நல்லமுத்து கங்காணி கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்கு முறை என்றால் முறைதான். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதானாலும் எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்று முதலில் கேட்பார்.

"மூத்தவ இருக்க இளையவளுக்கு மொதல்ல அறுக்கிறதா? நம்ம தோட்டத்துல அந்தக் கேடு நடக்காது."

தவிலைத் தூக்கி வந்து மணையில் வைத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது தோட்டத்து நாயனக்காரர் பதறி ஓடிவந்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று மன்றாடினார். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூச்சூட்டி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இத்தனை வருஷத்துத் தாலிக்கயிறு வாருக்கு அடியில் போய் இறுகிக் கிடந்தது. அதை உருவ முடியாமல் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒப்பாரிக்காரி முத்தாயி கிழவி மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள்:

"பலாமரத்துப் பொன்மகளே, பந்தலுக்கு முந்தினவளே,
அடிச்ச கை போயிருச்சே, அழ ஒனக்குக் கண்ணுமில்லையே!"

கண்ணில்லாத பெண்ணுக்காகத் தோட்டமே கண்ணீர் விட்டது. குஞ்சம்மா வெயிலில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது எல்லாருக்கும் தொண்டை கட்டிவிட்டது. முத்தாயிக்குச் சுத்தமாகக் குரலே எழவில்லை. குஞ்சம்மாவின் தாலியைச் சத்தமில்லாமல் வாங்கினார்கள். அவளுக்காக அழ ஆளில்லை. அந்த வலி அவளுக்குப் புருஷன் செத்த வலியைவிடப் பெரிதாக இருந்தது.

தவிலுக்கு வெள்ளைத் துணி சுற்றி அந்த ஒழுகாத மூலையிலேயே வைத்தார்கள். அறுத்த மேளம் கல்யாணத்துக்கு ஆகாது என்று கங்காணி தீர்ப்புச் சொன்னார். குஞ்சம்மாவும் கல்யாணத்துக்கு ஆகாது. எதிரெதிரே இரண்டு விதவைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வருஷம் போயிருக்கும். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் வீரப்பன், அவளுக்குத் தெரியாமல் அவள் வாசலில் விறகு வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். அவனும் பெண்சாதியைப் பறிகொடுத்தவன். எப்போதும் புகை வாசனை வீசும், எதைச் சொன்னாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவான். ஒரு நாள், "நீயும் தனியா, நானும்..." என்று நிறுத்தினான். மீதியை அவள் புரிந்துகொண்டாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதற்குமேல் காரணம் கேட்கிறவர்கள் கங்காணியாகத்தான் இருக்கவேண்டும்.

கங்காணியிடம் போய் நின்றார்கள்.

"அறுத்துக் கட்டுறதெல்லாம் வேற தோட்டத்துல வச்சுக்கங்க" என்றார் நல்லமுத்து. "மூத்தவ வெள்ளத் துணியோட வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கா. அவள விட்டுட்டு ஒனக்கென்ன புள்ள அவசரம்?"

"கங்காணியாரே, அது..." என்று வீரப்பன் தொடங்கினான்.

"மீறினீங்க, அடுத்த கப்பல்ல ரெண்டு பேரு பேரும் இருக்கும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் குஞ்சம்மாவுக்கு யாருமில்லை. வீட்டுக்கு வந்து தவிலை முறைத்துப் பார்த்தாள். "அவரு உயிரோட இருந்தப்பவும் நீதான் குறுக்க, செத்த பொறவும் நீதான் குறுக்க" என்று அதைத் திட்டிவிட்டு, தலையை முழங்காலில் புதைத்து அழுதாள்.

அப்படியிருக்கும்போது கங்காணி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செங் என்ற ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளை, கொஞ்சம் கௌரவம் பார்க்கிற சம்பந்தி. மேளம் இல்லாத கல்யாணத்துக்குத் தன் மகன் மாலை போடமாட்டான் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். டவுன் கோயில் மேளத்துக்கு அந்த முகூர்த்தத்தில் வேறு இடம். தோட்டத்தில் நாயனக்காரர் இருந்தார், தவிலுக்குத்தான் ஆளில்லை, மற்ற தவில்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். மிஞ்சியவன், கடலோரத்தில் தங்கா பத்து என்ற ஊர்க் காளிமுத்து. அவன் தவிலோ, படகு கவிழ்ந்தபோது கடலோடு போய்விட்டது. கை இருக்கிறது, தவில் இல்லை. தவில் இருக்கும் ஒரே இடம் குஞ்சம்மாவின் வீடு, அதுவோ அறுத்த தவில்.

கங்காணி பூசாரியைக் கூப்பிட்டுவிட்டார்.

"திரும்பச் சுமங்கலி ஆக்கிட்டாப் போச்சு" என்றார் மாயாண்டி.

"எப்படி ஆக்குறது?"

"கல்யாணம் பண்ணித்தான்."

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கையில், நல்லமுத்து தொண்டையைக் கனைத்தார். "காலம் மாறிப்போச்சு. இந்தக் காலத்துலயும் தாலியறுத்தவள மூலையில ஒக்கார வைக்கிறது என்ன ஞாயம்? பாவம், வாயில்லாத ஜீவன்!" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. தாலி கட்டப்போவது காளிமுத்து. அவன் பெண்சாதி பெரியநாயகி, சக்களத்தி அடுப்படிக்குள் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாளாம்.

அன்று மாலை வெற்றிலைத் தட்டோடு கங்காணி குஞ்சம்மா வீட்டுக்கு வந்தார். அவர் காலடி அந்த வீட்டுக்குள் பட்டதே இல்லை. பாயில் உட்கார்ந்து, "பொண்ணு கேட்டு வந்திருக்கேன் புள்ள" என்றார்.

வீரப்பனுக்காகத்தான் மனம் இரங்கி வந்துவிட்டாரோ! குஞ்சம்மாவின் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது.

"மூத்தவள" என்றார் கங்காணி, மூலையைப் பார்த்து.

அவள் கையை இறக்கிக்கொண்டாள். அவமானம் காது மடல்வரை சுட்டது. கங்காணி விவரமாகச் சொல்லிக்கொண்டு போனார்: மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், அதே பந்தலில், சம்பந்தி வீட்டார் கண்ணால் பார்க்கும்படி தவில் கல்யாணம். சுமங்கலி மேளம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. எழுந்து போகும்போது, "நீ மட்டும் பந்தலுக்கு எதிர்க்க வந்துராத. அறுத்தவ, சகுனம் ஆகாது" என்றார்.

"சரிங்க கங்காணியாரே" என்றாள் குஞ்சம்மா. அவர் போனபிறகு வெகுநேரம் தவிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் வெள்ளைத் துணியை அவிழ்த்து, தோலுக்கு வெயில் காட்டி, வாரை எல்லாம் துடைத்தாள். பழைய சக்களத்தியை அவள் அவ்வளவு அக்கறையாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

தவில் கல்யாணத்தன்று அது பட்டுத்துணி சுற்றி மணையில் இருந்தது. காளிமுத்து வெட்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தான். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டவேண்டுமே. யாராவது தும்மினாலும், அபசகுனமாக ஒரு சொல் சொன்னாலும் காதில் விழாமல் இருக்கத்தானே அது. கொட்ட வேறு ஆளேது? காளிமுத்து அவசரமாக மூன்று முடிச்சும் போட்டுவிட்டு, கழியை எடுத்துப் புதுப்பெண்சாதியைப் போட்டு வெளுத்து வாங்கினான். கட்டினதும் அடிக்கிற புருஷனைத் தோட்டம் பார்த்திருக்கிறது, ஆனால் அதற்கு அட்சதை போட்டது அன்றைக்குத்தான். "தீர்க்கசுமங்கலியா இரு தாயி!" என்று நல்லமுத்து வாய் நிறைய வாழ்த்தினார். சம்பந்தி திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் குஞ்சம்மா பந்தலுக்குள் வந்தாள். பூப்போட்ட பழைய ரவிக்கை, கையில் ஒரு மாலை. பின்னால் வீரப்பன், மஞ்சள் கட்டிய கயிற்றோடு.

"ஏ புள்ள! ஒன்ன வரக்கூடாதுன்னு..." என்று கங்காணி எழுந்தார்.

"கங்காணியாரே, நீங்க சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தன நாளும் இருந்தேன். மூத்தவ வெள்ளத் துணியோட இருக்கையில இளையவளுக்கு என்ன அவசரம்னு கேட்டீங்க. ஞாயந்தான். இப்ப அக்காளுக்கு ஆயிருச்சு. இனி தங்கச்சிக்குத்தானே?"

"இதும் அதும் ஒண்ணாடி? அது வெறும் மர..." என்று கங்காணி தொடங்கி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சம்பந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் மரம் என்றால் இவ்வளவு நேரம் நடந்தது என்ன? வெறும் மரத்துக்கு அட்சதை போடவா செங்கிலிருந்து வந்தார்கள்?

"மரமா, மனுசியா, நீங்களே சொல்லுங்க" என்றாள் குஞ்சம்மா. "மரம்னா நான்தான் அவருக்கு ஒரே பெண்சாதி, அன்னைக்கு வெயில்ல என்னக் காக்க வச்சு வேற ஒண்ணுக்கு அழுதீங்க. மனுசின்னா, அவளுக்குள்ள முறைதான் எனக்கும்."

வீரப்பன் கயிற்றை அவள் கழுத்தருகே கொண்டுபோய், வழக்கம்போலப் பாதியில் நிறுத்தினான். கங்காணி சுதாரித்துக்கொண்டு, தடுக்கக் கையைத் தூக்கினார்.

பந்தலின் பின்னால், விதவைகள் ஒதுங்கி நிற்கும் இடத்திலிருந்து, முத்தாயி கிழவியின் குரல் கிளம்பியது. ஒப்பாரியில் பழுத்த அந்தத் தொண்டை அன்று கட்டவில்லை.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அந்தச் சொல் காதில் விழுந்தால் எந்த மேளக்காரனுக்கும் கை நிற்காது. யார் சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள் என்று காளிமுத்து யோசிக்கவேயில்லை. தவில் இடித்து முழங்கியது. நாயனமும் சேர்ந்துகொண்டது. நல்லமுத்து கங்காணி கத்துகிறார் என்பது தெரிந்தது, வாய் திறந்து திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. மூத்தவள் விழவிடவில்லை. குஞ்சம்மா வாய்விட்டு அழுதாள், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. வீரப்பன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு காரியத்தை முழுதாகச் செய்து முடித்தான், மூன்று முடிச்சு.

மேளம் நின்றது. எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள். கட்டி முடித்த தாலிக்கு முன்னால் நின்று, ஊரும் சம்பந்தியும் கேட்க, இனி அவர் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நல்லாயிரு புள்ள."