மூன்றாவது ஜெபச் சீட்டு

வக்கீலின் அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மகன் அதை "நிர்வாகத்துல இருந்தாங்க" என்று சொல்லிவைத்திருந்தார். அன்று காலை வந்த சீனியர் வக்கீலிடம் பெரியவர், லிஃப்டில் ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மாடிக்கு என்று சொல்லிவிடுவேன் என்றார். சீனியர் ரசித்துச் சிரித்தார். அவர் கிளம்பியதும் மகன் ஆரம்பித்தார்.

"மேலே, கீழே. வாழ்க்கை முழுக்க இந்த ரெண்டு வார்த்தைதானே பேசினீங்க. அதோட நிறுத்திக்கலாம்ல?"

"அவர்தான் என்ன வேலைன்னு கேட்டாருப்பா."

"கேட்டா என் மானத்தை வாங்கணுமா?"

"டீ ஆறுது மாமா" என்றாள் மருமகள். அவர் குடிக்கவில்லை.

மாலையில் இரும்புக் கடையின் மாடியில் ஜெபக்கூட்டம். விண்ணப்பத்தைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி, வாசலில் உள்ள பிஸ்கட் டப்பாவில் போடுவது அந்தச் சபையின் வழக்கம். அதை வாசித்து ஜெபிக்கும் வேலை வக்கீலுடையது. போதகரைவிட அவருக்குத் தொண்டை பெரிது. கையெழுத்து தெரியாமலிருக்க அப்பா இடது கையால் கிறுக்கி ஒரு சீட்டுப் போட்டார். மகன் மனம் இளக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஒரு மூட்டுவலிக்கும் ஒரு பரீட்சைக்கும் பிறகு அந்தச் சீட்டு வந்தது. 'என் மகன் நல்லவன். வாய்தான் சுடுகிறது. ஜெபியுங்கள்.'

வக்கீல் கண்ணை மூடினார். நல்ல கேஸ் கிடைத்துவிட்டது.

"ஆண்டவரே, பெற்றவரைப் பேச்சால் குத்தும் அந்த மகனை நீர் அறிவீர். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற ஐந்தாம் கட்டளையைக் காற்றில் விட்டவன். சோறு போடுவதாலே எஜமான் என்று நினைக்கிறவன்."

"ஆமென்" என்றார் இரும்புக் கடைக்காரர். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

"அவன் பெருமையை உடைத்துப்போடும். அவன் நாவை இந்த நிமிஷமே கட்டிப்போடும். அவன் தொழிலிலும்..."

கடைசி வரிசையில் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. இத்தனை பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்காமல் போகாது என்று உண்மையாகவே நம்புகிறவர் அவர். மகனுக்கு நாளை கோர்ட்டில் பெரிய வழக்கு. நாக்குக் கட்டிக்கொண்டால் வாய்தாகூடக் கேட்க முடியாது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஆண்டவரே, அதெல்லாம் வேண்டாம். இவன் தெரியாம கேக்கறான். நான் எழுதினது அவ்வளவு இல்ல. கொஞ்சம் பதமாப் பேசினாப் போதும்."

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மருமகள் மட்டும் கண்ணைத் திறக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

அப்பா பதறிப்போனார். "பாருங்க, கட்டிருச்சு."

"இல்லீங்க ஐயா, யோசிக்கிறார்" என்றார் போதகர்.

இரும்புக் கடைக்காரருக்கு வேறு கவலை. "இப்ப நாங்க எந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்றது?"

வக்கீல் நாற்காலிகளுக்கு இடையே இடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

"அப்பா கேட்டதுக்கு."

எல்லாரும் சொன்னார்கள். மருமகளின் ஆமென் கீழே கடை வரைக்கும் கேட்டது.