மூன்றாம் வாய்க்கால்

மார்ச் 12, புதன்.

மூன்றாம் வாய்க்கால் பாட்டிலை நான் அலசியிருக்கக் கூடாது.

ஆற்றைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் என் வேலை, அதில் வந்து விழும் ஆறு வாய்க்கால்களிலும் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். மூன்றாம் வாய்க்காலுக்கு மட்டும், மேலே முலாம் பட்டறை இருப்பதால், உலோகம் பார்க்க இன்னொரு பாட்டில் தந்தார்கள். அடியில் சில சொட்டு அமிலம் இருந்தது. அழுக்கு என்று நினைத்து அதையும் அலசிவிட்டேன்.

வேலை முடிந்து நான் போகும் மாலை நேர வேதியியல் வகுப்பில் இன்று ஆசிரியை சொன்னார்: அந்த அமிலம் இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் குறைவாகக் காட்டும். திங்களன்று வந்த முடிவும் குறைவுதான். பட்டறை தப்பித்தது.

அந்தப் பட்டறையில்தான் அத்தானுக்கு வேலை. முடிவு மோசமாக வந்தால், சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை மூடிவிடுவார்கள். மூன்று மாதமாவது ஆகும்.

சொல்லாமல் விட்டால் என்ன என்று பேருந்தில் மூன்று நிறுத்தம் வரை யோசித்தேன். நான்காவதில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கி நின்றே சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"அலசினியா? வீட்டுல ஒரு டம்ளர் கழுவியிருப்பியா நீ?" என்றார். பிறகு, "முடிவை நிறுத்தி வைக்கச் சொல்றேன். நாளைக்கு மறுபடி எடு. நானும் வர்றேன்."

சாப்பிடும்போது அத்தான் நல்ல மனநிலையில் இருந்தார். "எங்க வாய்க்கால் தண்ணிய இனிமே குடிக்கவே செய்யலாம். உங்க ஆபீஸே சொல்லிடுச்சு."

"அப்போ நாளைக்கு ஒரு குடம் பிடிச்சுட்டு வாங்க. குழாய்ல காத்துதான் வருது," என்றாள் அக்கா.

நான் சொன்னேன். பாட்டில், அமிலம், போன், எல்லாம் வரிசையாக.

"யாருக்குத் தெரியப் போகுது? உன்னை யார் கேட்டா?" அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சொந்தக் காசுல சூனியம் வைக்கறதுன்னா இதுதான்."

அத்தான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் விரல்களில் எப்போதும் இருக்கும் மஞ்சள் கறை, சாப்பாட்டால் வந்ததல்ல.

"எத்தனை மணிக்கு எடுத்தே?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்குத் தரை கழுவுன தண்ணிதான் வரும். முலாம் தொட்டியத் தொறந்து விடறது காலையில ஆறரைக்கு."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரணும்," என்றாள் அக்கா.

"எடுக்கறதுன்னா ஒழுங்கா எடுக்கட்டும். அரைகுறையா எடுத்து மூணாவது தடவையும் வந்து நிக்கப் போறாங்க." கை கழுவப் போய்விட்டார்.

அவர் கோபமாகச் சொன்னாரா, நல்லபடியாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

நாளை: காலை ஆறேகாலுக்கு, சூப்பர்வைசருடன், மூன்றாம் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்குப் பத்தடி முன்னால். இரண்டு பாட்டில்.