நானூறு அவர்களே

இணையவழி வேலைவாய்ப்பு முகாம் என்று யாராவது சொன்னாலே ராமசெல்விக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும். முதல் முகாமில் லிங்க் படுத்துவிட்டது. அடுத்த முகாமன்று தண்டையார்பேட்டை முழுக்கக் கரண்ட் போய், வந்தபோது நல்ல கம்பெனிகளெல்லாம் கடையைக் கட்டியிருந்தன. மிஞ்சியிருந்தவை 'பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள், வேலை தருகிறோம்' வகையறா. திரையில் ஒரு பொம்மைப் பெண் கையை ஆட்டி ஆட்டி வரவேற்பாள். அவளை நம்பி உள்ளே போனால் ஒரு மனுஷன் இருக்க மாட்டான்.

இது மூன்றாவது முகாம். கடைசி செமஸ்டரும் இதுதான், இதை விட்டால் அடுத்து எதுவுமில்லை. இந்த முறை வந்திருந்ததில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கம்பெனி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கம்பெனி. அவள் மூன்று வருஷமாகப் படித்ததெல்லாம் அந்தச் சங்கதிதான்: கப்பல், கண்டெய்னர், சுங்கக் காகிதம். அங்கிருந்து நேர்காணலுக்கு உட்காரப்போகிற அதிகாரி ஆண்ட்ரூ, மதியச் சாப்பாடு வரைதான் இருப்பேன், அதற்குமேல் கப்பல் வேலை இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எதையும் நேரடியாகச் செய்யத் தெரியாது. முகாம் தொடங்குமுன் ஒரு பொதுச் சொற்பொழிவு கட்டாயம் நடக்க வேண்டும். அது முடிந்தால்தான் நேர்காணல் அறைகளைத் திறப்பார்கள். சொற்பொழிவின் நடுவில் வெளியேறினால் வரிசையில் இடம் போய்விடும். இந்த அழகான விதியைப் போட்டவர் பதிவாளர். சொற்பொழிவாற்ற வேண்டிய பெரிய மனிதர், வர இயலவில்லை என்று முந்தின நாள் சாயங்காலம் கழன்றுகொண்டார்.

வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி மேடம் பதறிப்போய் ராமசெல்வியைக் கூப்பிட்டார். அவள்தான் முகாமின் மாணவ ஒருங்கிணைப்பாளர்.

"உங்க ஏரியாவுல தொழில் பண்றவங்க யாராவது கிடைப்பாங்களாம்மா? சின்னதா பேசினாப் போதும்."

சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "எங்க அப்பா இருக்காங்க மேடம்" என்றாள்.

அவள் அப்பா அய்யாத்துரைக்கு டோல்கேட் பக்கத்தில் மொத்த மளிகைக் கடை. சாத்தான்குளத்திலிருந்து இளவயதில் வந்தவர், வியாபாரிகள் சங்கத்தில் துணைச் செயலாளர். கீழே கடை, மாடியில் வீடு. பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் அன்றைக்கே முடிவெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சங்கத்து மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பேச எழுந்தவர், வந்திருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விளித்து, 'அவர்களே' போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனாலும் பகைதான். சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைவர் முதல் மைக் செட்காரர் வரை எல்லார் பேரையும் சொன்ன செயலாளர், அய்யாத்துரையின் பேரை மட்டும் விட்டுவிட்டார். அன்று பந்தி முழுவதையும் கவனித்துக்கொண்டவர் அய்யாத்துரை. வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். அதன் பிறகு தான் ஏறிய எந்த மேடையிலும் அவர் ஒருத்தர் பேரையும் விட்டதில்லை.

இதெல்லாம் ராமசெல்விக்குத் தெரியும். ஆனால் இணையத்தில் மேடை ஏது, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏது என்று அசட்டையாக இருந்துவிட்டாள்.

காலையில் கடைக்குள் அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு, அப்பாவின் ஃபோனை ஒரு பருப்பு டின்மேல் சாய்த்து வைத்தாள். மாடியில் அவளுடைய லேப்டாப் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டுக்கும் இடையில் வீல் வீலென்று சத்தம் எழும்பியது. அப்பாவின் ஃபோன் ஒலியை முழுக்கக் குறைத்ததும் அது நின்றது.

"உங்களுக்கு எதுவும் கேக்காதுப்பா. உங்க முறை வந்ததும் நான் மாடிப்படியில இருந்து சத்தம் குடுக்கேன். அப்போ ஆரம்பிங்க."

"சரிட்டி. வந்திருக்கவங்க பேரு தெரியணுமே?"

அவள் அவசரத்தில் இருந்தாள். பங்கேற்பாளர் பட்டியலை அமுக்கிக் காட்டி, "எல்லாரும் இதுல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். அந்த ஒரு அமுக்கலுக்காக அப்புறம் தலையில் எத்தனை முறை அடித்துக்கொண்டாள் என்று கணக்கில்லை.

மேலிருந்து சத்தம் கொடுத்தாள். அய்யாத்துரை எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களே! அன்புச் சகோதரி ரோஸ்மேரி அவர்களே! காட்டுப்பள்ளியிலிருந்து வருகை தந்திருக்கும் ஆண்ட்ரூ அவர்களே!"

பதிவாளர் திரையில் தலையாட்டிச் சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்துவார் என்றுதான் ராமசெல்வி நினைத்தாள்.

"பாலகணேஷ் அவர்களே! பிலால் அவர்களே! மாயா அவர்களே! கேலக்ஸி ஏ பதினாலு அவர்களே!"

அவளுக்குத் திக்கென்றது. பட்டியலில் நானூறு பேர் இருந்தார்கள். ஒருத்தரையும் விடாமல், அவசரப்படாமல், கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் பரிமாறுவதுபோல் போய்க்கொண்டிருந்தார். நடுவில் யாரோ புதிதாக உள்ளே வர, பட்டியல் இடம் மாறியது. அவருக்கு விட்ட இடம் பிடிபடவில்லை. "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடி பதிவாளரிலிருந்து ஆரம்பித்தார்.

பையன்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஆளாளுக்குப் பேரை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

"சார்ஜ் இல்லை அவர்களே! மாமியார் வீடு அவர்களே!"

ராமசெல்வி படியில் இறங்கி ஓடி, கதவோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் அவளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினாள். அதற்கும் தலையசைத்தார். எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்தது. மேலே வந்தால் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. வியாசர்பாடியிலிருந்து செங்கொடி, அவள் வகுப்புத் தோழி. அவளும் அதே கம்பெனிக்காகத்தான் காத்திருந்தாள்.

"இன்னாடி இது பேஜாரா கீது! உங்கப்பா இன்னும் பேரே படிச்சிகினு கீறாரு? எங்கண்ணன் மணலிக்கு ஷிப்டுக்குப் போவணும்டி. போன குடு குடுன்னு தலைமேல நிக்கறான். இந்தப் போன வுட்டா எனுக்கு வேற ஏது? எதுனா பண்ணுடி!"

"என்னடி பண்றது? அவருக்கு எதுவும் கேக்காது!"

"நீதானடி கோ-ஹோஸ்ட்டு? மைக்க அமுக்கு!"

அது ராமசெல்விக்குத் தோன்றாமல் இல்லை. நெடுநேரமாகவே அம்புக்குறி அந்தப் பொத்தானைச் சுற்றித்தான் அலைந்துகொண்டிருந்தது. இதற்குள் ரோஸ்மேரி மேடமிடமிருந்து தகவல் வந்தது. 'ஆண்ட்ரூ சார் கிளம்பணும்கிறார். பதிவாளர் இருக்கும்போது நான் விருந்தினரை நிறுத்த முடியாதும்மா. ப்ளீஸ்.'

கீழேயிருந்து அப்பாவின் குரல் தரையைத் துளைத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பிலும் அதே குரல், ஒரு நொடி தாமதமாக.

"டோல்கேட் பிரியாணி அவர்களே!"

அமுக்கிவிட்டாள்.

லேப்டாப்பில் சத்தம் நின்றது. திரையில் அப்பாவின் வாய் மட்டும் அசைந்தது. கை கும்பிட்டது. பெற்ற தகப்பனை ஊர் பார்க்க ஊமையாக்கிவிட்டோம் என்று கூசிப்போனாள்.

ரோஸ்மேரி மேடம் காத்திருந்தவர்போல் பாய்ந்தார். "விருந்தினரின் இணைப்பில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டிருக்கிறது. அவருக்கு நம் நன்றி. நேர்காணல் அறைகள் திறக்கப்படுகின்றன." வடசென்னைப் பக்கம் நெட்வொர்க் எப்போதும் இப்படித்தான் என்று பதிவாளரும் வருத்தப்பட்டுக்கொண்டார். கூட்டம் சிதறி அறைகளுக்குள் ஓடியது. முதலில் செங்கொடிக்கு அழைப்பு வந்தது. கடைசி ஆள் ராமசெல்வி. லேப்டாப்பைப் பொது அறையிலேயே விட்டுவிட்டு, தன் ஃபோனில் ஆண்ட்ரூவின் அறைக்குள் போனாள்.

ஆண்ட்ரூ நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உக்காருங்க. யாரும்மா அந்த சீஃப் கெஸ்ட்டு? எங்கேர்ந்து பிடிச்சுட்டு வந்தீங்க? தலைவலி வந்துடுச்சு எனக்கு."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேள்விக்கு வந்துவிட்டார்.

"கேட்ல ஒரு கண்டெய்னர் லாரி நிக்குது. காகிதம் சரியில்ல. டிரைவர் ஃபோன்ல கத்துறார், வைக்க மாட்டேங்கிறார். இன்னொரு லைன்ல கப்பல்காரங்க. என்ன செய்வீங்க?"

"டிரைவர்கிட்ட சொல்லிட்டு அவரை ஹோல்டுல போடுவேன் சார். கப்பல்ல எவ்வளவு நேரம் இருக்குன்னு கேட்டுட்டு, உடனே டிரைவர்கிட்ட திரும்பி வருவேன். சொல்லாம போடக் கூடாது சார். அவர் வெயில்ல நிக்கிறார்."

சொல்லி முடித்த பிறகுதான், அப்பாவிடம் சொல்லாமல் அமுக்கியது அவளுக்கு உறைத்தது. அதே நேரம் தரைக்கடியிலிருந்து மேடைக் குரல் கணீரென்று எழும்பியது.

"ராமசெல்வி அவர்களே!"

ஆண்ட்ரூ காதைத் தீட்டிக்கொண்டார். "யாரோ உங்களைக் கூப்பிடுறாங்க."

"எங்க அப்பா சார். அவங்கதான் அந்த சீஃப் கெஸ்ட்டு."

"இன்னுமா பேசறார்?"

"நான்தான் ம்யூட் பண்ணேன் சார். அவங்களுக்குத் தெரியாது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க, அடுத்த ரவுண்டு இருக்கு. அப்பாவை மட்டும் கூட்டிட்டு வராதீங்க" என்று எழுந்து போனார்.

கீழே போனபோது அய்யாத்துரை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. ஆனால் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"வா, வா. கடைசிகிட்ட ஆளுக சடசடன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. சங்கத்துலயும் சாப்பாட்டு நேரமானா அப்படித்தான். அதுக்காக விடுவமா? பழைய பேரெல்லாம் ஞாபகத்துல இருந்துச்சு, சொல்லிட்டேன். உன் பேருதான் கடைசி. மகதானேன்னு பாக்காம அவர்களே போட்டேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"அப்புறம் விஷயத்துக்கு வந்தேன். நேரமில்லாததால என் உரையை இத்தோட முடிச்சுக்கிடுதேன்னு சொல்லி முடிச்சுட்டேன். யாரையும் விடலைல்லா?"

அவரே தொடர்ந்தார். "இதெல்லாம் ரிக்கார்டு ஆகியிருக்கும்ல? மேடத்துகிட்ட வாங்கித் தா. சங்கத்துல பெரிய டிவியில போட்டுக் காட்டணும். அந்தச் செயலாளர் பாக்கணும், பேரு சொல்லுதது எப்படின்னு."

ஆகியிருந்தது. ஒரு மனிதர் ஊமையாகக் கும்பிடுவது முழுக்க ஆகியிருந்தது. நெட்வொர்க் என்று சொல்லிவிடலாம், பதிவாளரே நம்பிவிட்டார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அப்பா, நடுவுல நான்தான் உங்க மைக்கை அமுக்கிட்டேன். எனக்கு இன்டர்வியூ போயிரும்னு பயமா இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க பேசுனது யாருக்கும் கேக்கல."

அய்யாத்துரை நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு கையிலேயே இருந்தது. வெளியே டேங்கர் லாரி ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போனது. அம்மா மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழவில்லை. வெள்ளி விழா ராத்திரி அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை அன்று செய்தவர் செயலாளர். இன்று செய்தவள் மகள்.

"இன்டர்வியூ நடந்துச்சா?" என்று கடைசியில் கேட்டார்.

"நடந்துச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"ம்." தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "எந்தப் பேர்ல நிறுத்துன?"

"என்னப்பா?"

"எந்தப் பேரோட அமுக்குனன்னு கேக்கேன்."

"டோல்கேட் பிரியாணி."

"அதுக்கு அடுத்தாப்புல உள்ளவங்க பேரெல்லாம் விட்டுப்போச்சுல்லா? அவங்க என்ன நினைப்பாங்க? உன்கிட்ட எல்லாரு நம்பரும் இருக்கும்லா. எடு."

"அப்பா, முந்நூறு பேருப்பா!"

"எடுட்டி."

தலையில் கை வைத்துக்கொண்டு அவள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! அவருக்குப் பட்டியல் வரிசை பிசகாமல் ஞாபகம் இருந்தது. பிரியாணிக்கு அடுத்த பேர் செங்கொடி. எண்ணை அழுத்தினாள். நல்லவேளை, அண்ணன்காரன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

"இன்னாடி ஆச்சு? எனுக்கு திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்கோ! உனுக்கு? உங்கப்பா கண்டுபுட்சிட்டாரா? செமயா அமுக்கின போ..."

அய்யாத்துரை அவள் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். எழுந்து நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார்.

"செங்கொடி அவர்களே!"

மூச்சுவிடாமல் பேசுகிற செங்கொடி அந்தப் பக்கம் சட்டென்று அடங்கிப்போனாள். பிறகு மெல்லக் குரல் வந்தது.

"கீறேன் அங்கிள்."