வெள்ளை அணுக்களுக்கு விடுப்பு

அவள் கணவர் இருபத்தாறு வருஷமாக ஆலை வாசலில் காவல்காரர். அடையாள அட்டையை மறந்து வந்த முதலாளியையே வெயிலில் நிற்க வைத்த மனிதர். அவருடைய வலது கண்ணில்தான் ஆலைக் கேட்டின் கம்பி குத்தியது. தைத்தார்கள். ஒன்றரை மாதத்தில், அடியே படாத இடது கண்ணும் சிவந்து மங்கியது.

கண் டாக்டரம்மா விளக்கினார். "உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்களுக்குக் கண்ணோட உள்பக்கம் பழக்கமில்லை. காயத்து வழியா பார்த்துட்டு, யாரோ வெளியாள்னு நல்ல கண்ணையும் தாக்குதுங்க. மாத்திரை போட்டு அதுகளைத் தூங்க வைக்கணும். தள்ளிப்போட்டா ரெண்டு கண்ணும் போயிடும்."

அவர் விறைப்பாக எழுந்து நின்றார். "டியூட்டியில தூங்கினவனை வேலையை விட்டே தூக்கினவன் டாக்டர் நான். அவங்க சரியாத்தான் செய்யறாங்க. தப்பு கண்ணு மேல. அட்டை காட்டலை."

வீட்டுக்கு வந்ததும் தன் பழைய போட்டோவிலிருந்து இடது கண்ணை மட்டும் வெட்டி, சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அணுக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டுமாம்.

"உள்ளே இருக்கறவங்களுக்கு வெளியே குத்தினா எப்படிங்க தெரியும்?"

"நீ சும்மா இரு. நிர்வாகம் உனக்குப் புரியாது."

மூன்றாம் நாள் டம்ளரை விட்டு மேஜையில் தண்ணீர் ஊற்றினார். கெஞ்சியும் திட்டியும் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு தாளை எடுத்து எழுதி, உரக்கப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய மேலதிகாரி அவர்களுக்கு. பிறந்தது முதல் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் உழைத்துவிட்டோம். ஓய்வு வேண்டும். இப்படிக்கு, வெள்ளை அணுக்கள்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்கிறது நியாயம்தான். ஆனா மாத்து ஆள் இல்லாம லீவு கிடையாதே. யாரு பார்ப்பா?"

"நான் பார்க்கறேன்."

தாளைத் தடவி, கோடு கோணலாகக் கையெழுத்துப் போட்டார். மாத்திரையை விழுங்கினார்.

அணுக்கள் ஓய்வில் இருந்தால் சளியும் காய்ச்சலும் சுலபமாக நுழையும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்களைக் கை கழுவ வைத்தாள். தும்மிக்கொண்டே வந்த கணவரின் அண்ணனைப் படியோடு திருப்பி அனுப்பினாள். "எங்க அண்ணனையேவா?" என்றார் அவர் உள்ளிருந்து. குரலில் பெருமைதான் இருந்தது.

ஐந்தாவது வாரம், கடைக்குப் போனவள் பையோடு திரும்பினாள்.

"அங்கேயே நில்லு!" கூடத்துக் கடைசியில் கட்டிலில் இருந்தபடி அதட்டினார். "சளி பிடிச்சிருக்கு. உள்ளே விட முடியாது."

"நான் தும்மவே இல்லையே?"

"மூக்கு செவந்து கிடக்கு. நுனியில சொட்டு வேற நிக்குது."

அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருபது அடியாவது இருக்கும்.

பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதாலும் விட மாட்டேன்," என்றார் காவல்காரர்.