ஏழைக்கு முழு விலை

வெர்லீன் ஸ்டப்பிள்ஃபீல்டுக்கு முதலில் கணிப்பொறி மீதுதான் சந்தேகம் வந்தது. அடுத்த வருஷத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க, அரசாங்கத்தின் இணையதளத்தில் வயது, ஊர், வரப்போகும் வருமானம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தாள். மாதம் எழுநூறு டாலருக்கு மேல் கட்டு என்றது அது. அவள் மாதம் கையில் பார்க்கும் காசு அதைப்போல் இரண்டு பங்குகூடத் தேறாது.

தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் ட்வைலா இவளைவிட நன்றாகச் சம்பாதிக்கிறாள். வயதும் ஏறக்குறைய இதேதான். அதே காப்பீட்டுக்கு அவள் கட்டுவது ஒரு பீட்சாவின் விலை.

வருமானத்தைக் கூட்டி எழுதிவிட்டோமோ என்று வெர்லீன் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள். விலை அசையவில்லை. இன்னும் குறைத்தாள். பூஜ்யமே போட்டாள். அப்போதும் அதே எழுநூறு. வெறுப்பில் ட்வைலாவின் வருமானத்தை உத்தேசமாக அடித்தாள். விலை சரிந்து விழுந்தது. பசியோடு வருகிறவனிடம் முழுக் காசும், வயிறு நிறைந்து வருகிறவனிடம் சில்லறையும் வாங்குகிற சாப்பாட்டுக்கடையை அவள் எங்கும் கண்டதில்லை.

நாய்களுக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டுவது அவள் தொழில். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் சில மாதங்களாக அதைச் செய்கிறாள். பித்தப்பையில் கல். ஒருமுறை வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போனாள். சாகாமல் பார்த்துக்கொள்வது சட்டப்படி அவர்கள் கடமை, அதைச் செய்தார்கள். கல்லை எடுப்பது கடமையில் சேராது. ஊசி போட்டு, சீக்கிரம் பையை எடுத்துவிடுங்கள், அடுத்த தடவை சீழ் பிடித்தால் ஆபத்து என்று அனுப்பிவிட்டார்கள். அறுவை மருத்துவரின் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி வலி எங்கே என்பதல்ல, காப்பீடு எது என்பது. அன்றிலிருந்து வெண்ணெய் இல்லாத சோளக்கஞ்சிதான் அவளுக்கு மூன்று வேளையும்.

மாநில உதவி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரு பெண்குரல் எடுத்தது.

"கர்ப்பமா இருக்கீங்களாம்மா?"

"ஐம்பத்திமூணு வயசு எனக்கு."

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க?"

"நாய்ங்கதான். அதுவும் ஊரார் நாய்."

"உடல் ஊனம் ஏதாவது?"

"இன்னும் இல்ல."

"அப்ப உங்களுக்குத் திட்டம் எதுவும் இல்லம்மா."

"உயிரோட இருக்கேனே, அத ஒரு காரணமா எழுதிக்க முடியாதா?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா," என்றது குரல். கேலி இல்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னது.

விஷயம் இவ்வளவுதான். சட்டம் எழுதியவர்கள் இதை ஒரு மாடிப்படி போலத்தான் கட்டினார்கள். வறுமைக்கோட்டுக்கு மேலே நிற்பவருக்கு மத்திய அரசு காப்பீட்டுக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கும். கோட்டுக்குக் கீழே இருப்பவரை மாநிலமே தன் ஏழைகள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். கீழே இருப்பவருக்குத்தான் மாநிலத் திட்டம் இருக்கிறதே என்று, மேலே கொடுக்கும் உதவியைக் கோட்டிலிருந்து தொடங்கினார்கள். வரைபடத்தில் இடைவெளியே இல்லை. பிறகு, மாநிலங்கள் விரும்பினால் சேர்த்தால் போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செலவில் பத்தில் ஒன்பது பங்கை மத்திய அரசு தருகிறேன் என்று சொல்லியும் வெர்லீனின் மாநிலமான அலபாமா விரும்பவில்லை. கீழ்ப்படிகளை அறுத்து எடுத்துவிட்டு, ஏறத் தெரியாதவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. வெர்லீன் அந்த அறுத்த இடத்தில் நின்றாள். முதல் படியை எட்ட அவளுக்கு வருஷத்துக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் வருமானம் வேண்டியிருந்தது.

பொய்யாகக் கூட்டி எழுதிவிடலாம்தான். ஆனால் சொல்வது உண்மை என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். திருட்டுப் பயல்களுக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

அந்த வாரம் ஹாலிஸ் ப்ரூயிட் தன் நாயோடு வந்தார். ஊரில் வக்கீல், மாநில செனட்டர். படிகளை அறுத்தவர்களில் ஒருவர். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு அறுத்தவர். டியூக் என்ற அந்த நாய்க்குத் தனியாகக் காப்பீடு உண்டு.

"வயித்தப் பாத்துக் கையாளும்மா, தையல் போட்ட இடம். சிறுநீர்ப்பையில கல்லு, எடுத்துட்டாங்க. காப்பீட்டுக்காரன் ஒரு கேள்வி கேக்கல," என்றார் செனட்டர்.

"எனக்கும் கல்லுதான் சார். நான்தான் நாயாப் பொறக்கல."

அவர் சிரித்தார். "உழைக்கிறவங்களுக்கு வழி இல்லாமயா போயிடும்? ஓசியில குடுத்துப் பழக்கினா நாளைக்கு எவனும் வேலைக்கு வர மாட்டான்."

காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்து ஆறாவது நாய்க்கு வந்திருந்த வெர்லீன், டியூக்கின் வால் முடியைக் கத்தரித்தாள். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது இந்த மாதிரி ஆட்களிடம் பேசக்கூடாது என்பது அவள் வைத்திருந்த கொள்கை.

நாற்காலியில் சாய்ந்து அவர் தன் சொந்தக் கஷ்டத்துக்கு வந்தார். "உனக்கென்னம்மா, சின்னக் கடை. எங்கள அரசாங்கம் எப்படிப் பிழியுது தெரியுமா? ஒரு விவசாயிக்கு உயில் எழுதிக் குடுத்தேன். காசுக்குப் பதிலா பாதி மாட்டுக் கறி குடுத்தான். அதுவும் வருமானமாம். சந்தை விலை போட்டுக் கணக்குல காட்டியே ஆகணும்னுட்டான் ஆடிட்டர். மாட்டுக் கறி வருமானமாய்யா?"

டியூக்கின் காதருகே ஓடிக்கொண்டிருந்த முடிவெட்டும் மிஷின் நின்றது.

"காட்டலன்னா?"

"குத்தம். சட்டம் அப்படி."

"அநியாயம் சார்," என்றாள் வெர்லீன், மனம் நிறைந்த சந்தோஷத்தோடு.

அவர் போனதும் பக்கத்து வீட்டு ஓடெல் டாக்கட்டைத் தேடிப் போனாள். ஓடெல் அறுபத்தைந்தைத் தாண்டியவர், அதனால் அவருக்கு முதியோர் காப்பீடு உண்டு. வேட்டை நாய் நான்கு வளர்க்கிறார். பல வருஷங்களாக அவள் அவற்றைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்கிறாள். பதிலுக்கு அவர் அவளுடைய கடையில் நாய்முடி உலர்த்தும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். காசு கைமாறியதே இல்லை.

"ஓடெல், இத்தனை வருஷமா உங்ககிட்ட நான் சம்பாதிச்சுட்டிருந்தேன். யாருமே சொல்லல."

"எனக்கும் யாரும் சொல்லலையே. எவ்வளவு பாக்கி?"

விஷயத்தைச் சொன்னாள். நான்கு நாய்களுக்கு மாதாமாதம் அவள் வெளியாட்களிடம் வாங்கும் கூலி, பன்னிரண்டு மாதம். அந்த இரண்டாயிரம் டாலர் பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிடும்.

ஓடெல் முன்பு புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடை நடத்தியவர். தாடையைச் சொறிந்தார். "ஆகாதே வெர்லீன். நீ நாயைக் குளிப்பாட்டுறது வரவு, சரி. அதுக்குப் பதிலா நான் ரிப்பேர் பண்றது உன் கடை மிஷினு. அது கடைச் செலவு. வரவுல இருந்து செலவக் கழிச்சாத்தான் வருமானம். வலது பையில போட்டு இடது பையில எடுத்த மாதிரி. மிச்சம் பூஜ்யம்."

வெர்லீன் அவருடைய முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கை தானாக விலாவுக்குப் போனது. வயதான வேட்டை நாய் ஒன்று வந்து அவள் முழங்காலில் தாடையை வைத்தது.

"கடை மிஷினா இருந்தாத்தானே செலவு?" என்றாள் கடைசியில்.

"ம்."

"மிஷினுக்குப் பதிலா என் வீட்டுக் கூரையப் போட்டுக் குடுத்தா?"

ஓடெல் அவள் வீட்டுப் பக்கம் பார்த்தார். போன புயல் அடித்ததிலிருந்து சமையலறைக்கு மேலே நீல நிறத் தார்ப்பாய் கட்டியிருந்தது. "வீடு சொந்த விஷயம். கழிக்க முடியாது. கூரை போட்டா அத்தனையும் உன் வருமானம். எனக்கும் வருமானம்தான், நாலு காசு வரி கட்டணும். இந்த வயசுல என்னக் கூரை ஏத்துறியே, விழுந்து தொலைச்சா?"

"உங்களுக்குத்தான் காப்பீடு இருக்கே. தைரியமா விழுங்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். "உலர்த்துற மிஷினு?"

"அத டவுன்ல காசு குடுத்துப் பாத்துக்கறேன்."

"அந்தக் காசு செலவுல போகுமே. திரும்பக் கொஞ்சம் இடிக்கும்."

"இடிக்கிறத நம்ம செனட்டர் தருவார். டியூக்குக்கு முடி ரொம்ப அடர்த்தியாயிருச்சு. ஜனவரியில இருந்து அவருக்குக் கூலி ரெண்டு பங்கு."

"குடுப்பாரா?"

"இந்த ஊருல அந்த நாய் கடிக்காம இருக்கிறது என்கிட்ட மட்டும்தான். உழைக்கிறவங்களுக்கு வழி இல்லாமயா போயிடும்னு அவரே சொன்னார்."

அன்று சாயங்காலம் வெர்லீன் இணையதளத்தைத் திறந்து, அடுத்த வருஷம் கையில் வரப்போகும் காசோடு, ஓடெல் போடப்போகும் கூரையின் கூலியைச் சந்தை விலையில் சேர்த்தாள். டியூக்கின் புதுக் கட்டணத்தையும் சேர்த்து, மிஷின் செலவைக் கழித்தாள். வந்த தொகை வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. காப்பீட்டின் விலை எழுநூறிலிருந்து இறங்கி ஒரு பீட்சாவுக்கு வந்தது. எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.