தவளைக் கட்டுரையில் ஒரு 'ல'

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் 'தவளை டீச்சர்' என்று பெயர் வந்ததற்கு அவர் முகம் காரணமில்லை. அப்படிச் சொல்பவர் வாயில் ஈ போக. புத்தகத்தில் தவளைக்கு ஒன்றரைப் பக்கம். டீச்சர் நடத்தியது மூன்று வாரம். அவருடைய இருபத்திரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு 'க்ராக்' போட்டால், மேலே போய்க்கொண்டிருந்த மேகம் நின்று, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகரும்.

தினம் ஒரு அட்டை எழுதிக்கொண்டு வருவார். பிள்ளைகள் அதை வாசிக்கவேண்டும், பிறகு சொந்தமாக நாலு வரி எழுதவேண்டும். 'தவளை வாயால் தண்ணீர் குடிக்காது, தோலால் குடிக்கும்' என்று வாசித்த அன்று ஒருவன் சொம்புத் தண்ணீரை வயிற்றில் கவிழ்த்துக்கொண்டு தாகம் தீரக் காத்திருந்தான். 'தவளை விழுங்கும்போது கண்ணை மூடும். கண் உள்ளே இறங்கி இரையைத் தள்ளும்' என்று வாசித்த மதியம், இருபத்திரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டதில் பாதிச் சாப்பாடு பக்கத்து டப்பாவுக்குக் குடிபோனது.

ஒரே ஒரு முள், 'தகவமைப்பு' என்ற சொல். வாழும் இடத்துக்கு ஏற்ப உடம்பு அமைந்துகொள்வது. அது பிள்ளைகளின் வாயில் நுழைந்தது, கையில் நுழையவில்லை. பாதி வகுப்பு நடுவில் ஒரு 'ல' செருகித் 'தகவலமைப்பு' என்றே எழுதியது. அந்த லகரத்தை அடித்து அடித்தே டீச்சருக்கு இரண்டு சிவப்புப் பேனா தீர்ந்தது.

வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"ஒரு பெற்றோர் லெட்டர் கொடுத்திருக்காங்க டீச்சர். பாடம் ஓடலையாம், பிள்ளைங்க வீட்டுல குதிக்குதாம். திங்கட்கிழமையிலேருந்து நீங்க நாலாம் வகுப்புக்குப் போங்க. அந்த டீச்சர் இங்க வரட்டும்."

"கொடுத்தது யாரு சார்?"

"அதைச் சொல்லக்கூடாது."

நாலாம் வகுப்பு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, நாற்பத்தெட்டுப் பேர். உச்சி வெயிலில் அங்கே சாக்பீஸுக்கே வியர்க்கும். கீழே மூன்றாம் வகுப்பில் ஃபேன் உண்டு, வாசலிலேயே தண்ணீர்க் குழாய் உண்டு. டீச்சருக்கு ஃபேன் போவதில் துக்கமில்லை. வருடம் முழுக்க வாயே திறக்காத எட்டுப் பிள்ளைகள் தவளை புண்ணியத்தில் இப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். நடுவில் கை மாறினால் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள். அதுதான் துக்கம்.

போய் அழுதது நாலாம் வகுப்பு டீச்சரிடம்தான். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து நாற்காலி, ஒரே டப்பாவில் சாப்பாடு. அவளுடைய மகள் இவருடைய வகுப்பில்தான் படித்தாள். எட்டு வயதுக்கு எண்பது வயதுப் பேச்சு, அதனால் 'பெரிய மனுஷி' என்று பெயர்.

"எந்தப் பாவிக்கா இதைப் பண்ணியிருப்பாங்க?" என்று நாலாம் வகுப்பு டீச்சர் தன் கைக்குட்டையாலேயே இவர் கண்ணைத் துடைத்தாள். "யாருன்னு மட்டும் தெரியட்டும், நடு வாசல்ல நிக்கவச்சுக் கேக்கறேன்."

"விடுடி. வேற யாரோ வராம நீ வர்றியே. அந்த எட்டுப் பேரை மட்டும் பாத்துக்கோ."

"என் பிள்ளைங்க மாதிரி பாத்துக்கறேன்க்கா."

வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டுரை. தலைப்பு: 'நான் பார்த்த தகவமைப்பு'. டீச்சருக்கு இரண்டு சட்டம். பார்த்ததை மட்டும் எழுதவேண்டும். திருத்திய கட்டுரைக்குக் கீழே பெற்றோர் கையெழுத்து வாங்கவேண்டும்.

மத்தியானம் காலி வகுப்பில் உட்கார்ந்து திருத்தினார். பத்தாவது நோட்டு பெரிய மனுஷியுடையது.

'எங்கள் அம்மா மரத்தவளை. இடத்துக்கு ஏற்ப நிறம் மாறுவார். பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சரை அக்கா என்பார். வீட்டில் அந்தத் தவளை என்பார். போன ஞாயிறு ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதினார். மாடியில் வெயில், கீழே ஃபேன் என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா எழுதும்போது நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டேன். இது அம்மாவின் தகவலமைப்பு.'

டீச்சர் முதலில் பிழை பார்க்கத்தான் வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தபோது எழுத்தெல்லாம் குதித்தது. நேற்றைய கைக்குட்டையின் பவுடர் வாசனை இன்னும் கண்ணோரத்தில் இருப்பதுபோல் தோன்றியது. முந்தானையால் அழுத்தித் துடைத்தார், போகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் தன் டப்பாவிலிருந்து அந்த வாய்க்குப் போன சோற்றைக் குவித்தால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு மாடி எழும்பியிருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டது மகள் கையால்.

சிவப்புப் பேனா லகரத்துக்கு மேலே போய் நின்றது. மூன்று வாரமாக அடித்த எழுத்து. இன்றைக்கு அது பிழையாகத் தெரியவில்லை, தகவல்தானே வந்திருக்கிறது. அடிக்காமல் விட்டு, பத்துக்குப் பத்து போட்டார்.

நோட்டைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் அடி அவள் முதுகில் விழும். அதனால் தானே எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனார். நாலாம் வகுப்பு டீச்சர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாக்கா, எவ்வளவு நேரம். ஆறிப்போச்சு."

"நீ சாப்பிடு. பெற்றோர் கையெழுத்து ஒண்ணு வேணும்."

அவள் ஒரு வாய் போட்டுக்கொண்டே நோட்டை இழுத்தாள். நாலாவது வரியில் மெல்லுவது நின்றது.

"அக்கா, அது வந்து... சின்னப் பிள்ளை..."

"பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பாத்ததை எழுதுன்னு சொன்னது நான். அழகா எழுதியிருக்கா." டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "திங்கட்கிழமை நான் மாடிக்குப் போறேன். வாசிப்பு அட்டையெல்லாம் அலமாரியில இருக்கு. அந்த எட்டுப் பேரோட பேரையும் மேல எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போடு."

அவள் பேனாவை எடுத்தாள். மூடி கழலவில்லை. பிறகு கழன்றது, வைக்க இடம் தெரியாமல் விழித்தாள்.

டீச்சர் கையை நீட்டினார்.

"கொடு, மூடியை நான் பிடிச்சுக்கறேன்."

நாலாம் வகுப்பு டீச்சர் தேதியோடு கையெழுத்துப் போட்டாள். வாயில் இருந்த கவளம் இன்னும் அங்கேயே இருந்தது. அதை உள்ளே தள்ள அவள் இறுக்கிக் கண்ணை மூடினாள்.

மூன்று வாரம் நடத்திய பாடம். டீச்சர் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.